முதுகில் ஒரு சொட்டுக் கடல்

என் முதுகில் வங்காள விரிகுடாவை ஒட்டி வைத்திருந்தார்கள். முழுக்க இல்லை, ஒரு சொட்டு. வலது தோள்பட்டைக்குக் கீழே, கடைசி வரிசையில், கடைசிக் கட்டத்தில். ஒட்டச் சொன்னது என் அப்பா. ஒட்டியது செங்கல்பட்டில் ஒரு தோல் டாக்டரம்மா. ஒட்டுவதற்கு முன்னால் அவர் சிரித்த சிரிப்பில், வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குச் சொரியாசிஸ். கல்லூரியில் படிக்கும்போது முழங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவில் வந்தது. பிறகு இன்னொரு முழங்கை, பிறகு தலையில் கொஞ்சம். அது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு மேஸ்திரியின் கதை சொல்வேன். நல்ல மேஸ்திரி, பூசிய சுவர் காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சுக்கு வருவான். என் தோலுக்கு வாய்த்த மேஸ்திரி அவசரக்காரன். முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்த பூச்சு, அதற்குள் இன்னொன்று. அதனால் தடித்து, வெளுத்து, செதில் செதிலாக உதிர்கிறது. யாருக்கும் ஒட்டாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சிறுசேரி ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் நான் சொல்வதே இல்லை. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை கேளம்பாக்கம் வரை காலியாகவே வரும். பையை வைத்துக்கொள்ள வசதி.

போன வருடம் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பையன்கள் சொல்லித்தருகிறார்கள். எனக்கு எதைப் பிடித்தாலும் தலைகால் தெரியாது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே பழைய பலகை ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இஸ்திரி போட டேபிளா?" என்று கேட்டாள். இரண்டு நாள் அதில் இஸ்திரியும் போட்டாள்.

பலகை அலையோடு ஓடிப்போகாமல் இருக்க அதிலிருந்து ஒரு கயிறு வரும். அதன் நுனியில் ரப்பர் பட்டை. அதைக் கணுக்காலைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். சில மாதங்களில் என் வலது கணுக்காலைச் சுற்றி, பட்டை இருந்த இடத்தில், சிவப்பாக ஒரு வளையம் வந்தது. அரித்தது, தடித்தது, செதில் விட்டது. அத்தை வீட்டுக்குப் போனபோது அத்தையின் பெரிய மகள் முதலில் பார்த்தாள்.

"இன்னா மச்சான், ஒத்தக் கொலுசு போட்டுக்கினு கீற? இன்னொண்ணு அடகுல கீதா?"

அன்றிலிருந்து, வளையம் எதனால் வந்தது என்பதில் என் வீட்டில் மூன்று கட்சிகள். அம்மாவின் கட்சி கத்திரிக்காய், கருவாடு. என் கட்சி ரப்பர். அப்பாவின் கட்சி கடல்.

அப்பா குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். பாலாற்றுப் பக்கம் கொஞ்சம் நிலமும் இருக்கிறது, நெல் போடுகிறார். உப்புத் தண்ணீரைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. "நெல்லு வெளையாத தண்ணியில மனுசன் தோலு மட்டும் வெளையுமா?" என்பார். அதோடு வாதம் முடிந்தது என்பது போல எழுந்து போய்விடுவார்.

வாதம் செய்வாரே தவிர, சும்மா இருக்க மாட்டார். சாயங்காலம் சவாரி முடித்து வந்து, கைகால் கழுவி, டிவியில் செய்தி போட்டுக்கொண்டு உட்காருவார். "காலக் கொண்டா" என்பார். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ஆயின்மென்ட் டியூபை எடுத்து, கணுக்காலைச் சுற்றித் தடவுவார். மெடிக்கல் ஷாப்பில் "சொறிக்கு நல்லதா ஒண்ணு குடுப்பா" என்று கேட்டு வாங்கியது. எனக்கு விவரம் தெரிந்து அப்பா என்னைத் தொட்டது அடிக்கத்தான். அதனால் இந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. செய்தியில் யாராவது அரசியல்வாதி பேசினால் கோபத்தில் கொஞ்சம் அழுத்தித் தடவுவார், அவ்வளவுதான். இரண்டு நாளில் வளையம் அடங்கும். ஒரு வாரம் விட்டால் முன்னைவிடச் சிவப்பாக எழும்பி வரும். "பாத்தியா, கடலுக்குப் போன, திரும்பி வந்துச்சு" என்பார். நானும் போயிருப்பேன். சாட்சி சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் அப்பாவும் நானும் செங்கல்பட்டு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கணுக்காலை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இது சொரியாசிஸா, அலர்ஜியா, ரெண்டும் சேர்ந்ததான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது" என்றார். அலர்ஜி என்பது வேறு சமாச்சாரம் என்று விளக்கினார். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் தனக்கு அப்பளம் வைக்காததை மனதில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும் சண்டைக்கு வருகிற பெரியப்பா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். உடம்பும் அப்படித்தான். ஏதோ ஒரு பொருளோடு ஒரு தடவை பகைத்துக்கொண்டால், அது தோலில் படும்போதெல்லாம் சண்டை. என் சிக்கல் என்னவென்றால், என்னிடம் பெரியப்பாவும் இருக்கலாம், அவசர மேஸ்திரியும் இருக்கிறான். சொரியாசிஸ் உள்ள தோல் எங்கே காயப்படுகிறதோ, எங்கே புண்படுகிறதோ, அங்கே புதிதாகக் கிளம்பி வரும். பெரியப்பா சண்டை போட்டுச் சுவரை உடைப்பார், மேஸ்திரி சாந்துக் கரண்டியோடு ஓடி வருவான்.

"வேற ஏதாவது தடவுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தேங்கா எண்ணெ மட்டும்தாம்மா" என்றார் அப்பா, கண் இமைக்காமல்.

எங்கள் பக்கத்தில் இது பொய்யில் சேர்த்தி இல்லை. கடையில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட்டைச் சொன்னால் டாக்டர்கள் திட்டுவார்கள். திட்டு வாங்கவா காசு கொடுத்து டோக்கன் எடுப்பது? அதனால் டாக்டர் முன்னால் உட்காரும்போது ஊரே தேங்காய் எண்ணெய் மட்டும் தடவுகிற ஊராகிவிடும். அது மருந்துதானே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் நினைத்தேன்.

முதுகில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பொருள்களை ஒட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறதாம். திங்கட்கிழமை ஒட்டி, புதன்கிழமை பிரித்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பார்கள். எது குற்றவாளியோ அந்தக் கட்டம் சிவந்து வீங்கும். வழக்கமாக ஒட்டுகிறவற்றோடு, நாங்கள் சந்தேகப்படுகிறவற்றையும் கொண்டுவரச் சொன்னார்.

அங்கேயே, டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னாலேயே, அப்பாவும் நானும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ரப்பர் குற்றவாளி என்றால் வேறு பட்டை வாங்கிக்கொண்டு நான் கடலுக்குப் போகலாம், அப்பா வாய் திறக்க மாட்டார். கடல் என்றால் பலகையை விற்றுவிட வேண்டும், நான் வாய் திறக்கக் கூடாது. முடிவு வரும்வரை பலகை பரணில்.

திங்கட்கிழமை நான் ரப்பர் பட்டையில் ஒரு துண்டு, பலகைக்குத் தேய்க்கும் மெழுகு, வெயிலுக்குப் பூசும் கிரீம் எல்லாம் எடுத்துப் போனேன். அப்பா ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். கலங்கலாக, அடியில் கொஞ்சம் மணலோடு.

"என்னது இது?"

"கடலும்மா. நேத்து மாமல்லபுரம் சவாரி போனப்ப மொண்டாந்தேன். இத்தையும் ஒட்டுங்க. அவன் சாமானை மட்டும் ஒட்டுனா ஒருதலப்பட்சமா பூடும்."

அப்போது சிரித்ததுதான் அந்தச் சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொட்டை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் வைத்து ஒட்டினார். அப்பா பக்கத்தில் போய்க் குனிந்து சரிபார்த்தார்.

"ரெண்டு நாளைக்கு முதுகுல தண்ணி படக்கூடாது. வேர்க்கக்கூடாது. சொறியக்கூடாது" என்றார் டாக்டரம்மா. ஆடி மாதத்தில் செங்கல்பட்டுக்காரனிடம் வேர்க்கக்கூடாது என்பது கொளவாய் ஏரியிடம் நனையாதே என்பது மாதிரி. "பிரிஞ்சுடுச்சுன்னா சோதனை வீண். பத்துப் பேர் சேர்ந்தாத்தான் புது செட்டு பிரிப்போம். அடுத்தது தீபாவளிக்கு அப்புறம்தான்."

தீபாவளிக்குப் பிறகு மழைக்காலம். மழைக்காலக் கடலில் என்னைப் போலக் கற்றுக்குட்டியை எந்தப் பையனும் இறக்க மாட்டான். இந்த முதுகு காய்ந்தபடியே இருந்தால்தான் இந்த வருடம் எனக்குக் கடல்.

ஊருக்குத் திரும்பும்போது எல்லையில் சீரியல் விளக்குகளைப் பார்த்தோம். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அப்பா வண்டியை ஓரம் கட்டினார்.

"டேய். நாளைக்கு மஞ்சத் தண்ணிடா."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் திருவிழாவின் கடைசி நாள், முறை உள்ள பெண்கள் மாமன்மேலும் மச்சான்மேலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கேட்டுவிட்டு ஊற்றுவதில்லை. குடத்தோடு துரத்தி ஊற்றுவார்கள். தப்பித்துவிட்டால் அந்த வருடம் முழுக்கக் கேலிதான், பெண் கிடைக்காது என்று சாபம் வேறு. எனக்கு முறை என்று ஊரில் இருப்பது அத்தையின் இரண்டு மகள்கள். பெரியவள் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், சின்னவள் செங்கல்பட்டில் கல்லூரி. இரண்டு பேர்தான். ஆனால் ஒரு படைக்குச் சமம்.

அப்பா உடனே அத்தைக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அதுதான் தப்பாகப் போயிற்று. போன வருடம் நான், "மடியில லேப்டாப் கீது" என்று சொல்லிப் பையைக் கட்டிக்கொண்டு தப்பித்தவன். பைக்குள் இருந்தது தலையணை. அதனால் இந்த வருடம் நான் சொல்லும் காரணத்துக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை. பின்னணியில் சின்னவளின் குரல் கேட்டது: "முதுகுல டெஸ்டாமா? சரி சரி, முன்னால ஊத்துறோம்னு சொல்லும்மா."

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பாவும் நானும் போர்த் திட்டம் போட்டோம். எதிரிகளாக இருந்தவர்கள் ஒரே கட்சி ஆனது அன்றைக்குத்தான். வீட்டில் இருந்தால் சுலபமாகப் பிடிப்பார்கள். பின்வாசலுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. குட்டியானைக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் வேர்த்து, ஒட்டியதெல்லாம் கழன்றுவிடும். தண்ணீரும் படக்கூடாது, வேர்க்கவும் கூடாது. ஊரில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது?

"ஏசி வேணும்" என்றேன்.

அப்பா யோசித்தார். "கூட்ரோட்டு ஏடிஎம்" என்றார்.

என் அப்பாவை நான் மெச்சிய மிகச் சில தருணங்களில் அது ஒன்று. கூட்டு ரோட்டில் ஒரு சின்ன ஏடிஎம் அறை. பாதி நாள் பணம் இருக்காது, ஏசி மட்டும் எப்போதும் ஓடும். அதைவிட முக்கியம், உள்ளே மெஷின் இருக்கிறது. எவ்வளவு துணிந்தவளும் அதன்மேல் தண்ணீர் ஊற்ற மாட்டாள்.

நான் உள்ளே மெஷினுக்குப் பக்கத்தில் சுவரைத் தொடாமல் நின்றுகொண்டேன். அப்பா வெளியே கண்ணாடிக் கதவுக்கு முன்னால், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கட்டி நின்றார். பணம் எடுக்க வந்தவர்களைச் சோதித்து ஒவ்வொருவராக அனுப்பினார். வந்தவர்களில் பாதிப்பேர் தலையிலிருந்து கால்வரை மஞ்சளாக இருந்தார்கள். ஒரு பெரியவர் உள்ளே வந்து, ஈரக் கையால் கார்டைச் செருகிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா, மெஷினு ரிப்பேரா?"

"இல்லீங்க, காத்து வாங்குறேன்."

"துட்டு எடுக்க வந்தா துட்டு எடு, காத்து எடுக்க ஏன் இங்க வர்ற" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பத்து மணிக்கு மேல் அவர்கள் வந்தார்கள். பெரியவள் இடுப்பில் குடம், சின்னவள் கையில் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள், மூடியில் ஓட்டை போட்டது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. காற்று வாங்க வந்தவனைப் பற்றி அந்தப் பெரியவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

கண்ணாடி வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது, கதவிடுக்கு வழியாக எல்லாம் கேட்டது.

"மாமா, நவுருங்க."

"போங்கடி. அவன் முதுகுல பதினஞ்சு இருவது மருந்து ஒட்டிகினு கீது."

"எங்க, ஒரு தபா காட்டச் சொல்லுங்க. தலகாணியா இருந்தா?"

நான் திரும்பி நின்று சட்டையைத் தூக்கி முதுகைக் கண்ணாடிக்குக் காட்டினேன். கூட்டு ரோடே பார்த்தது. வெள்ளைப் பிளாஸ்திரி வரிசைகளைப் பார்த்துச் சின்னவள் அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டி எண்ணினாள். பிறகு, "மச்சான் முதுகுல கேரம்போர்டு வரைஞ்சு வுட்டுக்கிறாங்க" என்றாள்.

"பாத்தீங்க இல்ல? கெளம்புங்க" என்றார் அப்பா.

"அது எப்பிடி மாமா? கொடத்த ரொப்பியாச்சு. அம்மன் முன்னால வெச்சுக் கும்புட்டு எடுத்தாந்துட்டோம். ஊத்தாம திருப்பி எடுத்துனு போவக்கூடாது" என்றாள் பெரியவள். "யாரு மேலயாவது ஊத்தியாவணும். முறைல கீற ஆளு மேல."

அவள் பார்வை மெதுவாகத் திரும்பிய திசையை அப்பாவும் கவனித்துவிட்டார்.

"ஏய். நான் உங்கம்மாவுக்கு அண்ணன்டி."

"அதத்தான் நானும் சொல்றேன். தாய்மாமன் இல்லியா? மச்சானுக்கு முன்னாலயே நீங்கதான முறை. எங்களுக்குத்தான் இத்தினி வருசமா கேக்க பயமா இருந்துச்சு."

அப்பா கதவை விட்டு நகர்ந்திருந்தால் தப்பித்திருக்கலாம். ரோட்டுக்கு எதிர்ப்புறம் அவருடைய வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆனால் நகர்ந்தால் கதவு திறந்துவிடும். இரண்டு கையையும் விரித்துக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். குடம் முழுவதும் தலையில் கவிழ்ந்தது. பாட்டில்கள் இரண்டும் காதுக்கு ஒன்றாகப் பீய்ச்சின. டீக்கடையிலிருந்து கைதட்டல் கேட்டது. வெள்ளைச் சட்டை சாமந்திப்பூ நிறமானது. பெண்கள் இரண்டு பேரும் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து நனைந்த நோட்டு ஒன்றை எடுத்துப் பின்னாலிருந்து ஆட்டிக் கூப்பிட்டதும் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு மறுபடி ஓடினார்கள்.

நான் கதவைத் திறந்து தலையை நீட்டினேன். "அப்பா..."

"உள்ள போடா. சொட்டுது" என்றார். பிறகு மீசையை வழித்துக்கொண்டே, "உனக்காவன்னு நெனச்சுக்காத. கடலு தப்பிச்சிடக் கூடாது, அவ்ளோதான்" என்றார்.

புதன்கிழமை டாக்டரம்மா பிளாஸ்திரிகளைப் பிரித்தார். நல்ல வேளையாக எதுவும் கழன்றிருக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் பேனாவால் குறித்துக்கொண்டு, போனில் படம் எடுத்து எங்களுக்குக் காட்டினார். ரப்பர் வைத்த இடத்தில் லேசான சிவப்பு. கடல் வைத்த இடம் வெறிச்சென்று இருந்தது.

"பாத்தீங்களா" என்றேன். உட்கார்ந்தபடியே குதித்தேன்.

அப்பா என் முதுகுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து கடைசிக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். விரலால் சுண்டிப் பார்க்கப் போனவரை டாக்டரம்மா தடுத்தார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. இன்னிக்குச் சிவக்குறது வெறும் உறுத்தலா இருக்கலாம், அது அடங்கிடும். நெசமான அலர்ஜின்னா வெள்ளிக்கிழமைக்கு இன்னும் தடிக்கும். சில கட்டம் மெதுவாத்தான் முழிக்கும்."

நான் எங்கே பொறுத்தேன்? வெளியே வந்ததும் குப்பத்துப் பையனுக்கு, 'ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பலகையைத் துடைத்து வைக்கிறேன்' என்று செய்தி அனுப்பினேன். பரணிலிருந்து பலகையை இறக்கினேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார். அன்றைக்குச் செய்தியும் பார்க்கவில்லை. காலைக் கொண்டா என்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் அவருக்கு முன்னால் படியேறினேன். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். டாக்டரம்மா விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ரப்பர் கட்டத்தில் நின்றார்.

"இது போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"அலர்ஜி இல்ல. அன்னிக்கு லேசா உறுத்தியிருக்கு, அவ்வளவுதான்."

பரணிலிருந்து இறக்கிய பலகை என் கண் முன்னால் மறுபடி பரணுக்கு ஏறியது. அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"அப்ப கடலும்மா?"

"கடல்ல ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

இரண்டு கட்சியும் தோற்ற தேர்தலில் யாரைப் பார்த்து முறைப்பது என்று தெரியாமல் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவின் கத்திரிக்காய்தான் ஜெயிக்கப் போகிறதோ என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. டாக்டரம்மாவின் விரல் இரண்டாவது வரிசைக்குப் போயிருந்தது. அங்கே ஓர் இடத்தில் எனக்கே அரித்துக்கொண்டிருந்தது, இரண்டு நாளாக.

"இங்க பாருங்க. புதன்கிழமை இது ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு." போனை நீட்டினார். படத்தில் ஒரு கட்டம் மட்டும் சிவந்து, தடித்து, மணி மணியாகப் பொரிந்திருந்தது. "இது ஆயின்மென்ட்ல போடுற ஒரு ஆன்டிபயாடிக். புண்ணுக்கு, சொறிக்கு, எல்லாத்துக்கும் கடையில குடுப்பாங்களே, அதுல இருக்கும். என்ன தடவுறீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை, அறையில் ஏசி. ஓடாத விசிறியை அவ்வளவு அக்கறையாக ஒருவர் பார்த்து நான் கண்டதில்லை.

"தேங்கா எண்ணெதானே?" என்றார் டாக்டரம்மா மறுபடியும், இந்தத் தடவை மெதுவாக.

அப்பா எழுந்தார். "வண்டில கீதும்மா" என்றார். கீழே போய்த் திரும்பி வந்தார். பாதி தீர்ந்து, அடியிலிருந்து ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டே வந்த டியூபை மேசையில் வைத்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை. லேபிளைப் படித்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார். பட்டை உரசியதில் தோல் புண்பட்டது. புண்பட்ட இடத்தில் சொரியாசிஸ் வந்தது. அதற்கு இந்த ஆயின்மென்ட் தடவப்பட்டது. இதில் இருக்கும் ஒரு மருந்து என் உடம்புக்குப் பகை. அது அங்கே தினமும் சண்டை கிளப்பியது. இதே டியூபில் ஸ்டீராய்டும் இருப்பதால் சண்டை வெளியே தெரியாமல் இரண்டு நாள் அமுங்கியது, மருந்து கேட்டது மாதிரி இருந்தது. நிறுத்தியதும் இரண்டு மடங்காக வந்தது. வந்ததும் இன்னும் தடவினோம்.

"அப்ப நான்தான்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"சொரியாசிஸை நீங்க குடுக்கல. அது அவன்கிட்டயே இருக்கு, வரும், போகும். இனிமே தூண்டி விடாம இருந்தாப் போதும்."

"கடலுக்குப் போலாமா டாக்டர்?" என்றேன். அறையில் எனக்கு வேறு கேள்வியே இல்லை.

"போ. பட்டைக்கு அடியில பருத்தி சாக்ஸ் போட்டுக்கோ, உரசக்கூடாது. வந்ததும் நல்ல தண்ணியில கழுவு. இப்ப எழுதித் தர்ற ரெண்டு மருந்தைத் தவிர வேற எதுவும் காலுக்குப் பக்கத்துல வரக்கூடாது."

மருந்துச் சீட்டை நான் வாங்கிக்கொண்டேன். அப்பா எழுந்திருக்கவில்லை.

"இத்த அவனேதான் தடவிக்கணுமா? வேற யாருனா தடவலாமா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "கையக் கழுவிட்டு யார் வேணாலும் தடவலாம்" என்றார்.

திரும்பும்போது, திருக்கழுக்குன்றம் மலை கண்ணுக்குத் தெரியும்வரை நான் வாயை அடக்கிப் பார்த்தேன். என்னால் எவ்வளவு நேரம் முடியும்?

"அப்பா, ஒப்பந்தப்படி பாத்தா, குத்தவாளிய வித்துடணும்."

"வாங்க ஆளு இருந்தா வித்துக்க" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. கொஞ்ச தூரம் போனதும் ஒரு துணிக்கடை முன்னால் நிறுத்தி, இறங்கிப் போய், ஒரு பொட்டலத்தோடு வந்து என் மடியில் போட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைச் சாக்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு நாற்காலி லோடு இருப்பதாகச் சொல்லி அவரும் கூட வந்தார். வண்டியில் நாற்காலி ஒன்றும் இல்லை, என் பலகைதான் இருந்தது. மணலில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டி, அதன்மேல் பட்டையைக் கட்டினேன். குப்பத்துப் பையன்கள் சுற்றி நின்று ரசித்தார்கள்.

"இன்னா அண்ணாத்த, ஸ்கூல் பஸ்ஸ வுட்டுட்டியா?"

"ஷூவும் மாட்டிக்கயேன், கடலு மார்க்கு போடும்."

அவர்களுக்கு வாய் ஓய்வதற்குள் நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன். முதல் இரண்டு அலையும் முகத்தில் அறைந்தன. பலகையில் படுத்துக் கையாலேயே துடுப்புப் போட்டு, உடைகிற இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அங்கிருந்து கரை சின்னதாகத் தெரிந்தது. அப்பா ஈர மணலுக்கு ஒரு முழம் முன்னால், கடல் தொடாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். பையன்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் என்னைப் பற்றித்தான் புகார் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு பையன் அவர் முன்னால் வந்து ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டினான். அப்பா குனிந்து, கணுக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஓடி, படகுக்குப் பக்கத்தில் தொங்கிய பையிலிருந்து எதையோ எடுத்துவந்து கொடுத்தான். அப்பா அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, லேபிளைப் படிக்க ஆரம்பித்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், ஏற்கெனவே காலைத் தூக்கியபடி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு.

எனக்குப் பின்னால் நல்ல அலை ஒன்று எழுந்து வந்ததை நான் பார்க்கவே இல்லை. அது என்னைத் தூக்கி, கீழே விட்டுவிட்டு, கரைக்குப் போய்விட்டது. சிரித்து முடித்துவிட்டு, பலகையைத் திருப்பி, அடுத்த அலைக்குப் படுத்தேன்.